ஜெனரேட்டர் நலம்

என் மகள் வருவதற்குப் பதிலாக ஒரு ஜெனரேட்டர் வந்தது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், "குத்திக் காட்டாதீங்கப்பா" என்பாள். குத்திக் காட்டத்தான் ஆசை. ஆனால் அதற்கும் ஆள் எதிரில் இருக்க வேண்டுமே.

நடந்தது இதுதான். ஒரு புயலில் எங்கள் பக்கம் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. போனது மறுநாளும் வரவில்லை. என் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. நான் பாட்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு, இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள்தான் துடித்துப்போயிருக்கிறாள். அடுத்த வீட்டு டீச்சரம்மாவுக்குப் போன் அடித்திருக்கிறாள், அந்தப் போனும் செத்துக் கிடந்தது. நான் வேலை பார்த்த பஸ் டிப்போவுக்கு அடித்திருக்கிறாள். கடைசியில் அவள் சொல்லி அனுப்பி ஒரு போலீஸ்காரர் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார். கதவைத் திறந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? "இன்னும் முடிவு பண்ணல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாவம், நனைந்து போயிருந்தார்.

கரண்ட் வந்ததும் மகள் அழைத்தாள். பேசவில்லை, அழுதாள். அம்மா போனபோது அழுததற்கு அப்புறம் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. "இனிமே இப்படி ஒரு நாள் என்னால முடியாதுப்பா" என்றாள். சரி, ஊரோடு வந்துவிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கிழவனுக்கு நினைப்பைப் பாருங்கள். அடுத்த வாரம் ஒரு லாரி வந்து நின்றது.

லாரியோடு வந்த மெக்கானிக் தம்பி பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பானர் வைத்திருப்பான். மறந்துபோய் உட்காருவான், உடனே துள்ளி எழுவான். அதனால் நான் அவனுக்கு வைத்த பெயர் ஸ்பானர். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. சமையலறைச் சுவருக்கு வெளியே, நான் துணி காயப்போடும் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அங்கே காங்கிரீட் மேடை போட்டான். படுக்கையறை ஜன்னல் பக்கம் வைத்தால் நமக்கு நடை மிச்சமே என்றேன்.

"அங்க வைக்கக் கூடாது சார். புகை உள்ள வந்துச்சுன்னா தூக்கத்துலயே போயிடுவீங்க."

"அவ்வளவு சுலபமாவா?"

"சும்மா இருங்க சார்" என்று அதட்டினான். டிப்போவில் நான் டைம் கீப்பர். தாமதமாக வரும் டிரைவர்களை அதட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன். என்னையே ஒருவன் அதட்டுகிறான். எனக்கு அது பிடித்திருந்தது.

உள்ளே சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்தினான். கரண்ட் போனால் வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டர் பக்கம் மாற்றிவிடுகிற பெட்டி அது. எந்தெந்த அறையை அதில் சேர்ப்பது என்று கேட்டான். எல்லாவற்றையும் சேர்க்க முடியாதாம்.

"வீட்டுல எத்தனை பேரு சார்?"

"நீ எத்தனை பேரைப் பார்த்த?"

"ஒருத்தருக்கா இவ்வளவு பெரிய மெஷினு?"

"என் மக கிட்ட கேளு."

கேட்டே விட்டான். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். கூடம், சமையலறை, என் படுக்கையறை, இண்டர்நெட் பெட்டி என்று அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "மாடியில என் ரூமையும் சேர்த்துடுங்க" என்றாள். அங்கே யார் இருக்கிறார்கள், பல்லிகூடக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது என்றேன். "இருக்கட்டும்ப்பா, வந்தா வேணுமே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த மெஷினை மன்னித்தேன்.

எல்லாம் முடிந்து ஸ்பானர் எனக்குப் பாடம் எடுத்தான். கரண்ட் போனால் அதற்கே தெரியுமாம். அதுவே கிளம்புமாம். கரண்ட் வந்தால் அதுவே நிற்குமாம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் ஒரு திருகு ஸ்விட்ச். அது எப்போதும் 'ஆட்டோ'வில்தான் இருக்க வேண்டும். 'ஆஃப்' பக்கம் போனால், கரண்ட் போனாலும் மெஷின் அசையாது.

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணுமே பண்ண வேணாம் சார். நீங்க வீட்டுல இருந்தாப் போதும்."

அதைத்தான் நான் முன்னாலிருந்தே செய்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னான். சும்மாவே கிடந்தால் என்ஜின் கெட்டுப்போகுமாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது தானாகக் கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்துக்கொள்ளும். ஓடி முடித்ததும் மகளுடைய போனுக்குச் செய்தி போகும், எல்லாம் நலம் என்று. பழுது இருந்தாலோ, ஸ்விட்ச் ஆஃபில் கிடந்தாலோ, சிவப்பாகக் காட்டும். "உங்க பொண்ணு அங்க இருந்தே உங்களைப் பார்த்துக்கலாம் சார்" என்றான். நல்ல பிள்ளை. மனசார, எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடுதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்பது என்ன நேரம் தெரியுமா? மகள் என்னோடு பேசுகிற நேரம். வாரத்துக்கு ஒரு தடவை, "என்னப்பா, எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பிப்பாள். அந்தக் கேள்விக்காக நான் வெள்ளிக்கிழமையிலிருந்தே பதில் சேர்த்து வைப்பேன். முதல் ஞாயிறு ஜெனரேட்டர் ஓடியது, அடுத்த வீட்டு டீச்சரம்மா ஜன்னலைப் படாரென்று சாத்தினாள், அப்புறம் மகள் அழைத்தாள். "சத்தம் கேக்குதா? ஓடுச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அடுத்த ஞாயிறும் அழைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு ஓடியது, நின்றது. போன் வரவில்லை. மத்தியானம் ஒரு செய்தி மட்டும் வந்தது. தூக்கிக் காட்டுகிற ஒரு பெருவிரல் படம், கீழே, 'எல்லாம் ஓகேன்னு வந்துச்சுப்பா.'

ஜெனரேட்டர் ஓகே. என்னை யார் கேட்டது?

நீ கூப்பிட்டுப் பேசுவதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். டீச்சரம்மாவும் அதையேதான் கேட்டாள். ஒரு தடவை கூப்பிட்டேன். எடுத்த உடனே குரலைத் தாழ்த்தி, "அப்பா, ஏதாவது அவசரமா?" என்றாள். பின்னால் நாலு பேர் பேசுகிற சத்தம். "இல்லையே" என்றேன். "அப்ப சாயங்காலம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் மறந்துபோனாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வேலை இருக்கிறது, அலைச்சல் இருக்கிறது. ஆனால் அவசரமா என்ற அந்த ஒரு சொல் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. பெற்ற மகளிடம் பேச அவசரம் வேண்டும் என்றால் எனக்கு ஏது அவசரம்? ரிட்டயர் ஆனவனுக்கு அவசரமே கிடையாது. அதன் பிறகு நானாகக் கூப்பிடுவதில்லை என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

அப்போதுதான் ஸ்பானர் ஆயில் மாற்ற வந்தான். மாற்றினான், கை துடைத்தான், ஸ்பானர் மேல் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தான், போனான். அவன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான், என் போன் அடித்தது.

"அப்பா! என்ன ஆச்சு? சிவப்பாக் காட்டுது!"

போய்ப் பார்த்தேன். வேலைக்காக ஸ்விட்சை ஆஃபில் வைத்தவன், திருப்பி வைக்க மறந்துவிட்டான். நான் திருப்பினேன். "ஹப்பா, பச்சை வந்துடுச்சு" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பயந்துபோனவள் தெளிகிறபோது பேச்சு வரும் போலிருக்கிறது. சாப்பிட்டீங்களா என்றாள். முட்டி வலி எப்படி என்றாள். தன் ஆபீசில் ஒருத்தி தினமும் இவளுடைய நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவதைச் சொன்னாள். நான் ஒரு யோசனை சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முழுக்க நான் வீட்டுக்குள் எதையோ பாடிக்கொண்டே திரிந்தேன்.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். பெருவிரல் படம் மட்டும் வந்த இரண்டு ஞாயிறுகளுக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, சின்னக் கதவைத் திறந்து, ஸ்விட்சை ஆஃபுக்குத் திருப்பினேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேன். உள்ளே வந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடித்தது.

அதிலிருந்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அடிக்கடி செய்தால் குட்டு உடைந்துவிடும் என்று சில நாள் இடைவெளி விட்டுச் செய்தேன். பேச்சை நீட்டவும் கற்றுக்கொண்டேன். "பச்சை லைட் எரியுதாப்பா?" என்பாள். கண்ணுக்கு நேராக எரியும். "இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்" என்பேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருக்கும். மெதுவாக வீட்டைச் சுற்றி வருவேன். அந்த நேரத்தில் அவள் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல்வாள், காய்ச்சல் வந்து தனியாகப் படுத்துக் கிடந்ததைச் சொல்வாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். "சொன்னா நீங்க அங்க உட்காந்து கவலைப்படுவீங்க" என்றாள். கவலைப்படத்தானே நான் இருக்கிறேன். வேறு என்ன வேலை எனக்கு?

ஸ்விட்ச் எப்படித் திரும்புகிறது என்று கேட்டபோது பூனை மேல் பழியைப் போட்டேன்.

"பூனை எப்படிப்பா கதவைத் திறக்கும்?"

"இந்தத் தெருப் பூனையை உனக்குத் தெரியாது."

சிரித்தாள். ஆனால் ஒரு நாள் சிரிக்கவில்லை. "எனக்குத் தூக்கமே வரலப்பா. நிஜமாவே கரண்ட் போற அன்னிக்கு இது ஆஃப்ல கிடந்தா? மறுபடியும் உங்களைக் காணோம்னு நான் அலையணுமா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அதே சமயம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, உள்ளுக்குள் குளிர்ந்தது. எனக்காக ஒருத்திக்குத் தூக்கம் போகிறது. அடுத்த வாரமும் திருப்பினேன்.

இந்தத் தடவை போன் வரவில்லை. ஸ்பானர் வந்தான்.

"என்ன சார், பூனையாமே?"

"ஆமா."

அவன் என்னையும் அந்தச் சின்னக் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா இல்லையா, தெரியவில்லை. பையிலிருந்து ஒரு மூடியை எடுத்தான். கெட்டியான பிளாஸ்டிக். சின்னக் கதவின் மேல் அதை மாட்டிப் பூட்டினான்.

"இனிமே பூனை வந்தாலும் புலி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சாவி கம்பெனியில இருக்கும். சிவப்பு அலாரமும் இனி எங்களுக்குத்தான் வரும், உங்க பொண்ணுக்குப் போகாது. அவங்கதான் மாத்தச் சொன்னாங்க. பாவம், வேலை நடுவுல பதறிப்போறாங்களாம்."

"எனக்கு ஒரு சாவி குடுத்துட்டுப் போ."

"உங்களுக்கு எதுக்கு சார்?"

அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் அனுப்பினேன். அன்று மாலை மகளிடமிருந்து செய்தி வந்தது. 'இனிமே நீங்களும் நிம்மதி, நானும் நிம்மதிப்பா.' கூடவே பெருவிரல்.

நிம்மதி என்றால் என்ன என்று அந்த வாரங்களில் தெரிந்துகொண்டேன். காலையில் எழுந்திருப்பேன். ஒரு டம்ளர், ஒரு தட்டு, அதைக் கழுவி வைப்பேன். போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக டிவியை ஓட விட்டுவிட்டு வேறு அறையில் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது மட்டும் தவறாமல் கிளம்பும். "வந்துட்டாருய்யா மகாராஜா" என்று ஜன்னல் வழியாகத் திட்டுவேன். அது தன் பாட்டுக்கு ஓடிவிட்டு நிற்கும். ஒரு நாளும் தாமதமில்லை. என் டிப்போவில் அப்படி ஒரு டிரைவர் இருந்திருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். ஆனால் இந்த மெஷினை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

பிறகு மறுபடியும் புயல் வந்தது. மத்தியானமே வானம் இருட்டி, கேட்டைப் பிடுங்குகிற மாதிரி காற்று அடித்தது. டீச்சரம்மா பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது, "உங்களுக்கென்ன, ராஜா மாதிரி" என்று என் ஜெனரேட்டரைப் பார்த்துச் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. வெளியே ஒரு உறுமல். பத்து எண்ணி முடிப்பதற்குள் கூடத்தில் விளக்கு வந்துவிட்டது. பிரிட்ஜ் முனக ஆரம்பித்தது. டிவியில் ஒருத்தி விட்ட இடத்திலிருந்து சிரித்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு முழுக்க இருட்டு. என் வீடு மட்டும் பளபளவென்று. எதற்கு என்று தெரியாமலே மாடிக்கு ஏறி அவள் அறையிலும் விளக்கைப் போட்டேன், ஃபேனைப் போட்டேன். உறை போட்ட மெத்தை மேல் காற்று அடித்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டிப்பாகக் கூப்பிடுவாள். போன தடவை ஊரையே கூப்பிட்டவள். புயல் செய்தி அங்கேயும் வந்திருக்கும். டீச்சரம்மா கேட்டால் சொல்வதற்கென்று பெருமையாக ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன்.

கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. 'ஜெனரேட்டர் ஓடுதுன்னு காட்டுது. நல்ல வேளை வச்சோம்ப்பா.'

அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கீழே இறங்கி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் அந்த மூடியின் முன்னால் போய் நின்றேன். நெம்பினால் உடைந்துவிடும். உடைத்து, நிறுத்தி? ஸ்பானர் கூப்பிடுவான். "என்ன சார், புலியா?" என்பான். மெஷின் என் முழங்காலுக்குப் பக்கத்தில் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. அது ஒழுங்காக ஓடுகிறது. ஓட ஓட நான் நன்றாக இருக்கிறேன் என்று அங்கே எழுதிக்கொண்டே இருக்கிறது. நான் நன்றாக இல்லை என்று எழுத அதற்கு ஒரு விளக்கும் கிடையாது. அது என் வேலை. அதைச் செய்ய எனக்கு வெட்கம்.

உள்ளே வந்தேன். தலைகூடத் துவட்டவில்லை. போனில் அவள் பெயரை அழுத்தினேன்.

மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று இரண்டு தடவை விரல் போனது. எடுத்தாள். அங்கே அப்போது காலை, வேலை நேரம். பின்னால் அதே நாலு பேர் பேச்சு.

"அப்பா? பச்சையாத்தானே காட்டுது. ஜெனரேட்டர் நின்னுடுச்சா?"

"இல்லம்மா. ஜெனரேட்டருக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

"உங்களுக்கு என்ன? விழுந்துட்டீங்களா? நெஞ்சு வலியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. லைட் எரியுது, ஃபேன் சுத்துது, எல்லாம் இருக்கு. தனியா இருக்க முடியல பாப்பா."

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரிடமோ அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள். நடந்தாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. அந்த நாலு பேருடைய பேச்சு நின்றுபோனது.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் சேர்த்து வைத்த பதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. திறந்தேன், அழுதும் விட்டேன்.

"சொல்ல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "நீ போனை மட்டும் வச்சுடாத."

"வைக்கலப்பா" என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.